தாளம் இல்லாத ஒரு பக்கம்

குழந்தைகள் பாடின சீமைப் பாட்டு ஒன்று பிளேட்டாக வந்தால் நன்றாக விற்கும் என்று யாரோ ஏஜெண்டின் காதில் போட்டுவிட்டார்கள். அந்தக் கிராமபோன் ஏஜெண்டிடம்தான் என் கணவர் குமாஸ்தாவாக இருந்தார். குமாஸ்தா வேலையோடு, பாடகர்களுக்கு வேண்டும்போது பாட்டும் எழுதிக் கொடுப்பார். பிளேட்டில் அவர் பெயர் வராது. ஆனாலும் தான் எழுதின பாட்டை யார் வீட்டு ஜன்னலிலாவது கேட்டுவிட்டால், அது முடிகிறவரைக்கும் தெருவில் செருப்பு வார் அறுந்ததுபோலக் குனிந்துகொண்டு நிற்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் நாங்கள் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். சாந்தோம் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு டீச்சர். கல்யாணமான பெண் வேலைக்குப் போவதா என்று எங்கள் இரண்டு வீட்டிலும் முணுமுணுத்தார்கள். அவர்தான், "வீட்ல உக்காந்து பாடினா நான் ஒருத்தன்தான் கேப்பேன், அங்கே நாப்பது பேர் கேப்பா" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

ஒருநாள் ரசம் சாதம் பிசைந்துகொண்டே கேட்டார்.

"ஏண்டி, உங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வராளே, அவகிட்ட ஒரு மெட்டு கேட்டுண்டு வாயேன். குழந்தைகள் பாடறாப்ல இருக்கணும். சாகித்யம் நான் போட்டுடறேன்."

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நார்வே தேசத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். அவருடைய கணவர் சமஸ்கிருதம் படிக்க வந்தவர். அடையாற்றில் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டில் இருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் ரிக்ஷாவில் வந்து எங்கள் பெண்களுக்குக் கைவேலை சொல்லிக் கொடுப்பார். தமிழ் பேசுவார், ஆனால் அந்தத் தமிழை அவர் தன் வீட்டு ஆயாவிடமும் சமையல்காரரிடமும் கற்றிருந்தார். முதல் நாள் எங்கள் தலைமை ஆசிரியை, மடிப்புக் கலையாத புடவையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கைகூப்பி வரவேற்றபோது, இவர் முகமெல்லாம் சிரிப்பாக, "இன்னாம்மா, சொகமா கீறியா?" என்றார். தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பின்னால் நின்ற குப்பத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாள் அவர்களுடைய சொத்து.

மெட்டு வேண்டும் என்று நான் கேட்டதும் அவர் கையில் இருந்த ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்தார்.

"பாட்டு நெறைய கீது. ஆனா புள்ளைங்களுக்குன்னா ஒண்ணுதான். மாடு கூப்புட்ற பாட்டு. சொல்லட்டா?"

சொல்லச் சொன்னேன். அவர் பெண்களைப் பார்த்து விளக்கினார். அவர்கள் ஊரில் கோடை வந்ததும் மாடுகளை மலைமேல் ஓட்டிக்கொண்டு போவார்களாம். ஆண்பிள்ளைகள் கீழே வயலைப் பார்த்துக்கொள்வார்கள். மேலே கோடை முழுக்கப் பெண்கள்தான். பகலெல்லாம் மாடு கண்ணுக்கு எட்டாத தூரம் போய் மேயும். சாயங்காலம் பால் கறக்க அவற்றைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

"நானு உங்க மாதிரி சின்னப் பொண்ணு. அம்மா குடிசை வாசல்ல நின்னுக்கினு கூப்புடும். நானும் கூடக் கூப்புடுவேன்."

பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒரு காலை முன்னால் வைத்தார். நான் ஏதோ தாலாட்டு மாதிரி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது வேறு. தொண்டையிலிருந்து இல்லை, தலைக்குள் எங்கோ உச்சியிலிருந்து கத்திபோல ஒரு குரல் கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியே போய், மேலே ஏறி நின்று, அங்கிருந்து படிப்படியாக இறங்கியது. "கோம்... ஷூரா..." என்பதுபோலக் காதில் விழுந்தது. முருங்கை மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. வாசல் காவல்காரர் தடியோடு ஓடிவந்து எட்டிப்பார்த்தார். பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஒரே ஒருத்தி சிரிக்கவில்லை. குப்பத்துப் பெண், பதினோரு வயது, அவள் அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். அவள் பாயில் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்துக் கேட்டாள். அந்த அம்மாள் நிறுத்தினதும் அதே உயரத்தில், அதே படிகளில், ஒரு பிசகு இல்லாமல் திருப்பிக் கூப்பிட்டாள். அறை முழுவதும் கணீர் என்றது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

அன்று மாலை வீட்டில் தம்புராவை வைத்துக்கொண்டு அந்த மெட்டை ஸ்வரப்படுத்திப் பார்த்தேன். எல்லா ஸ்வரமும் பிடிபட்டது, நாலாவதான மத்தியமம் மட்டும் பிடிபடவில்லை. சுத்த மத்தியமமும் இல்லை, பிரதி மத்தியமமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் போய் நின்றது. அந்த அம்மாள் தப்பாகப் பாடினாரோ என்று அடுத்த வியாழக்கிழமை மறுபடி பாடச் சொன்னேன். மறுபடியும் அதே இடம்தான். "ஏன்னா, இதுக்கு நம்மகிட்ட பேர் கிடையாது" என்று கணவரிடம் சொன்னபோது, "பேர் இல்லாட்டா என்ன, கேக்க நன்னாருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் எழுத உட்கார்ந்தார். மாடு கூப்பிடுகிற பாட்டு என்றதும் அவருக்குக் கண்ணனைத் தவிர வேறு யார் நினைவு வரும்? "மாலை மயங்குது கண்ணே வா, மந்தை திரும்புது கண்ணே வா" என்று தொடங்கி மூன்று சரணம், ஒரே மூச்சில். நல்ல பாட்டுதான். இன்றைக்கும் எனக்கு அது பிடிக்கும்.

ஒத்திகைக்கு கிராமபோன் கம்பெனியின் ஆர்மோனிய வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நாடகக் கம்பெனியில் பல வருஷம் வாசித்தவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். நான் மெட்டைப் பாடிக் காட்டினேன்.

"நல்லா கீதும்மா. ஆனா தாளம் எங்க?"

"தாளம் கிடையாதாம். மூச்சு இருக்கிறவரைக்கும் நீட்டணுமாம்."

"தாளம் இல்லாம பிளேட்டா? ஜனம் கால் போட்டுக் கேக்க வாணாமா? நீ உடும்மா, நான் பாத்துக்கறேன்."

ஆதி தாளத்தில் அதைக் கட்டினார். அந்த நடு மத்தியமத்துக்கு அவர் பெட்டியில் கட்டையே இல்லை. இரண்டு கட்டைகளையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, "இது சீமைக்காரங்க தொண்டைக் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லி, சுத்த மத்தியமத்தில் உட்காரவைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில், பிளேட்டுக்கென்று நான் பொறுக்கியிருந்த ஐந்து பெண்களும் தலையை ஆட்டிக்கொண்டு ஜோராகப் பாடினார்கள். நான்கு குரல் குழைந்து சேர்ந்தது. குப்பத்துப் பெண்ணின் குரல் மட்டும் மேலே மேலே வந்தது. வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு கத்துதும்மா. கடலுக்கு இந்தாண்டயிருந்து அந்தாண்டைக்குப் பேசறாப்ல. அத்த உட்டுட்டு வேற கொயந்தயப் போடு."

"அவளை விட முடியாது" என்றேன்.

"நாலு பேர் போறும்மா."

"அஞ்சு பேரும் பாடுவா. இல்லேன்னா யாரும் பாட வேண்டாம்."

நான் அப்படிப் பேசக்கூடியவள் என்று எனக்கே அதுவரை தெரியாது. வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. என் கணவரிடம் போய், "சார், உங்க ஊட்டம்மா ரொம்ப கண்டிப்பு" என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் ஏஜெண்டிடமும் சொல்லிவிட்டார். குழந்தைப் பாட்டு என்றால் குரல் வெல்லமாக இருக்க வேண்டும் என்று ஏஜெண்ட் என் கணவரிடம் சொல்லி அனுப்பினார்.

இதற்கு நடுவில் வியாழக்கிழமை வந்தது. பெண்கள் ஆசையோடு அந்த அம்மாளுக்குப் பாடிக் காட்டினார்கள். நான் தாளம் போட்டேன். அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "நல்லா கீது" என்றார். எல்லாருக்கும் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, மணி அடிப்பதற்கு முன்பே போய்விட்டார். அவர் அப்படிப் போனதே கிடையாது.

குப்பத்துப் பெண் என்னிடம் வந்து, "டீச்சர், அம்மாவுக்குப் புடிக்கல" என்றாள்.

"நல்லாருக்குன்னு சொன்னாளே."

"வாய்தான் சொல்ச்சு."

அன்று மாலையே அந்த அம்மாள் எங்கள் சந்துக்கு வந்துவிட்டார். ரிக்ஷா உள்ளே நுழையாது. முனையில் இறங்கி, சாணியையும் கோலத்தையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தார். அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் எல்லாம் ஏதேதோ வேலையாக வாசலுக்கு வந்தார்கள். நான் பாய் போட்டேன். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, மரியாதையாக இங்கிலீஷில் தொடங்கினார். அந்த அம்மாள் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இங்லீசு உனக்கும் வாத்தியார் சொல்லிக் குடுத்தது, எனக்கும் வாத்தியார் சொல்லிக் குடுத்தது. நாம தமிழே பேசலாம்."

காபி கொடுத்தேன். டவராவில் ஆற்றிக் குடிக்க அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"உன் பாட்டு நல்ல பாட்டு" என்று என் கணவரிடம் சொன்னார். "கோச்சுக்காத. ஆனா அது எங்க பாட்டு இல்ல. டப்பு டப்புன்னு தாளம் போட்டா மாடு வராது. நின்னுக்கினு ஆடும்."

என் கணவர் சிரித்துவிட்டார். பிறகு யோசித்து, "அப்போ உங்க பாஷையிலேயே, நீங்க சொன்ன வார்த்தையோட, அப்படியே பாடச் சொல்லட்டுமா? அதுதானே அசல்?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கே அது அப்போதுதான் யோசனைக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

"அதுல எங்கம்மா மாட்டுப் பேருங்க வருது. ஒண்ணு நெத்தில நட்சத்திரம் வெச்ச மாடு. ஒண்ணு பொல்லாதது, என்னிய முட்டிச்சு. அந்த மாடெல்லாம் செத்துப் பூட்ச்சு. உங்க புள்ளைங்க அதுங்களக் கூப்ட்டா, யாரு வருவா?" டவராவை டம்ளர் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். "எங்க ஊர்ல ஒரு ஊட்டுக்காரி இன்னோர் ஊட்டு மாட்டக் கூப்புட மாட்டா. அவங்கவங்க மாட்டத்தான் கூப்புடணும்."

"அப்படீன்னா நம்ம குழந்தைகள் நம்ம மாட்டைக் கூப்பிடட்டுமே" என்றேன் நான். "குரல் உங்க குரல். தாளம் வேண்டாம். கூப்பிடறது மட்டும் நம்ம பசு."

என் கணவர் என்னைப் பார்த்தார். "சீமைப் பாட்டுன்னு போட்டுட்டு மயிலைப் பசுவைக் கூப்பிட்டா ஜனங்க சிரிக்க மாட்டாளோ?"

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார் அந்த அம்மாள். "மாடு திரும்பினா போதும்."

அவர் போன பிறகு என் கணவர் வெகுநேரம் தான் எழுதின பாட்டையே வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தார். மூன்று சரணமும் நன்றாக வந்திருந்தன. அதைக் கைவிட எந்தப் பாட்டுக்காரனுக்கு மனம் வரும்? சாப்பிட உட்கார்ந்தபோது, "பிளேட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கோன்னோ?" என்றார். ஒரு பக்கம் வாத்தியாரின் ஆர்மோனியத்தோடு அவருடைய கண்ணன் பாட்டு, தமிழ்ப் பாட்டாகவே இருக்கட்டும், சீமைப் பாட்டு என்று சொல்ல வேண்டாம். மறுபக்கம் அந்த அழைப்பு, எந்த வாத்தியமும் இல்லாமல். மறுபக்கத்துக்கு என்ன போடுவது என்று ஏஜெண்ட் அதுவரை யோசித்திருக்கவே இல்லை. அதனால் குப்பத்துப் பெண்ணின் குரலைப் பற்றிக்கூட மறுபேச்சு இல்லாமல் சுலபமாகச் சம்மதித்துவிட்டார். வாத்தியக்காரர்களுக்குக் கூலி இல்லாத பக்கம் யாருக்குக் கசக்கும்?

அடுத்த வகுப்பில் பெண்களிடம், அவரவர் வீட்டுப் பசுவைக் கூப்பிட வேண்டும் என்றோம். ஒரே அமர்க்களம். ஒருத்தி செவலை என்றாள். ஒருத்தி வீட்டில் மயிலை. ஒருத்தி வீட்டுக்குப் பால் கறக்க வருகிறவருடைய காரியைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். நான்காவது பெண்ணுக்குப் புள்ளி. "கோம்" என்பதற்குப் பதில் "வா." அந்த ஆ ஓசையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம் என்று கண்டுபிடித்ததும் பெண்கள் ஒருவரோடொருவர் போட்டி போட்டு மூச்சு முட்ட நீட்டினார்கள்.

குப்பத்துப் பெண் மட்டும் வாய் திறக்கவில்லை.

"எங்கூட்ல மாடு இல்ல டீச்சர்."

"ஆடு?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"அதுவும் இல்ல."

"கோழி?"

"கீது. கோழிய யாராவது இப்டிக் கூப்புடுவாங்களா? பக்கத்துலயே நின்னுக்கினு கீதே."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்காமல் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டார். "அப்போ உங்கூட்ல தூரமாப் போறது யாரு?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "நைனாதான்."

அவளாகவே எழுந்து, கடல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நைனா..." என்று தொடங்கினாள். உச்சியில் போய் நின்று, அந்தப் பெயரில்லாத மத்தியமத்தைத் தொட்டுக்கொண்டு, "வா..." என்று இறங்கினாள். சங்கீதம் படித்தவள் என்கிற எண்ணத்தில் எந்த ஸ்வரம் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்த காது, அந்த ஒரு தடவை பார்க்க மறந்துவிட்டது. அந்த அம்மாள் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. "எங்கம்மாவும் எங்க நைனாவ இப்டித்தான் கூப்புடும்" என்றார் மெதுவாக. "சோறு ஆயிட்ச்சி, மேல வான்னு."

ரிக்கார்டிங் மாம்பலத்தில். அப்போது அந்தப் பக்கம் தோப்பும் காலி மனையும் அங்கங்கே புது பங்களாவுமாக இருந்தது. சந்தடி இல்லை என்பதால் கம்பெனிக்காரர்கள் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, கூடத்துச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு ஜட்காவில் குழந்தைகளை அடைத்துக்கொண்டு போனோம். கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு சின்ன வயது துரைதான் மெஷினுக்குப் பொறுப்பு. வெயிலில் மூக்கு சிவந்து தோல் உரிந்துகொண்டிருந்தது, பாவம். ஜன்னலெல்லாம் சாத்தி, சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். குழந்தைகளின் ரிப்பன் நனைந்து தொங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும், அணைகிறவரை தும்மக்கூடக் கூடாது.

கண்ணன் பாட்டில் குப்பத்துப் பெண் குரலை அடக்கிப் பாடினாள்; அது நல்லபடியாக ஏறியது. வாத்தியார் தலையைச் சாய்த்துக்கொண்டு வாசித்ததும், என் கணவர் மூலையில் நின்று உதட்டசைத்துக்கொண்டே கூடப் பாடினதும் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மறுபக்கம்தான் படுத்தியது. மெழுகுத் தட்டில் ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது குப்பத்துப் பெண் குரலெடுத்ததும் துரை காதிலிருந்த கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு "நோ, நோ" என்று எழுந்துவிட்டார். ஊசி பள்ளம் பறித்துவிட்டதாம். அவளைச் சற்றுப் பின்னால் நிற்கவைத்தார். மறுபடியும் அதேதான். இன்னும் பின்னால். இன்னும் பின்னால். கடைசியில் அவள் கூடத்தைத் தாண்டி, வெராண்டா கதவுக்கு வெளியே போய்விட்டாள். அங்கிருந்து சிவப்பு விளக்கு தெரியாது. எப்போது தொடங்குவது என்று அவளுக்கு யார் சொல்வது?

ஆர்மோனிய வாத்தியாருக்கு அந்தப் பக்கத்தில் வேலை இல்லை. துண்டை வீசிக் காக்கை ஓட்டிக்கொண்டு அதே வெராண்டாவில்தான் நின்றார். "நான் சொல்றேன் கொயந்தைக்கு" என்று தானாகவே வாசற்படியில் வந்து நின்றுகொண்டார். ஒரு கண் உள்ளே விளக்கின்மேல், ஒரு கை அவள் தோள்மேல். நான்கு பெண்களும் ஒவ்வொருத்தியாகத் தங்கள் பசுவைக் கூப்பிட்டார்கள். நான்காவது முடிந்ததும் வாத்தியார் அந்தத் தோளை மெல்ல அழுத்தினார். வெளியிலிருந்து, தோப்புக்கு அப்பாலிருந்து வருவதுபோல, "நைனா..." என்று வந்தது.

எங்கோ மலைமேல் நின்று கேட்பதுபோலவே இருந்தது என்று பின்னால் அந்த அம்மாள் சொன்னார். குரல் இறங்கி முடிகிற இடத்தில் ஒரு காக்கை இரண்டு தடவை கத்திவிட்டது. எல்லாரும் துரையைப் பார்த்தோம். அவர் தலையை ஆட்டி, போதும் என்று கைகாட்டினார். வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீ புடிவாதம் புடிச்சது சரிதாம்மா. இதுக்கு நான் எங்க வாசிக்கிறது?"

சில மாதம் கழித்து பிளேட்டுகள் வந்தன. என் கணவர் ஒரு கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்து பிரித்தார். பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாளமில்லாத பக்கத்தின் காகிதத்தில் அழகான எழுத்தில், "இங்கிலீஷ் கிராமக் குழந்தைகள் பாட்டு" என்று அச்சாகியிருந்தது. வெள்ளைக்காரர் பாட்டு என்றால் இங்கிலீஷ் பாட்டுதான் என்று அச்சாபீஸில் யாரோ முடிவுகட்டியிருக்கிறார்கள். ஏஜெண்டிடம் போய்ச் சண்டை போட்டார். "நார்வேயோ கீர்வேயோ, வாங்கறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்யா" என்றாராம் அவர். எங்களிடம் இருந்த பிளேட்டுகளையாவது சரிசெய்யலாம் என்று மை தொட்டு அடித்து எழுதிப் பார்த்தோம். அந்த வழவழப்புக் காகிதத்தில் மை ஒட்டாமல் முத்து முத்தாக நின்றது.

அந்த அம்மாளிடம் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் படித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது. வாடவில்லை என்று சொன்னால் பொய். "எங்க நாடு சின்னது. இப்டித்தான் யாராவது எங்க மேல அவங்க பேர எழுதிக்கினே கீறாங்க" என்றார். பிறகு பிளேட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்து, "உள்ள இருக்கறது சரியா கீதே" என்று சொல்லிவிட்டு, அதை முதலில் குப்பத்தில்தான் போட்டுக் கேட்க வேண்டும் என்றார். சாவி கொடுக்கிற கைப்பெட்டி கிராமபோன் அவரிடம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ்ந்ததும் போனோம். கரையேற்றின கட்டுமரங்கள் வரிசையாகக் கிடந்தன. மணல் புகுந்துவிடும் என்று பெட்டியைக் கவிழ்த்த மீன்கூடைமேல் வைத்து, கீழே அந்த அம்மாள் தன் சால்வையை விரித்தார். குப்பமே கூடிவிட்டது. பாட்டுப் பெட்டி அவர்களுக்குப் புதிதல்ல; தேர்த் திருவிழாவில் கேட்டிருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெண் அதற்குள் இருப்பதுதான் புதிது. அவள் அம்மா கூடையை இறக்காமல் தலையில் வைத்தபடியே வந்து நின்றாள். அவள் அப்பா மட்டும் வரவில்லை. சற்றுத் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால் பெருவிரலில் வலையை மாட்டி அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். இந்தச் சமாசாரமெல்லாம் பெண்பிள்ளைகள் விஷயம் என்கிற மாதிரி.

அந்த அம்மாள் சாவி கொடுத்து ஊசியை வைத்தார். செவலை, மயிலை, காரி, புள்ளி எல்லாம் வரிசையாகப் போயின. ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு நிசப்தம். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. "நைனா... வா..."

"தோ வரேம்மா" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, வலையை உதறிப் போட்டு எழுந்துவிட்டார் அவள் அப்பா.

எழுந்து நாலடி வந்த பிறகுதான் பார்த்தார். அவர் பெண் பெட்டிக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். பெட்டி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெண்ணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி பெண்ணைப் பார்த்தார். கரை முழுவதும் வெடித்துச் சிரித்தது. அந்த அம்மாள் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அது முழுக்கச் சிரிப்பால் வந்த நீர் இல்லை என்று எனக்குத் தெரியும். "வண்ட்டாரு, வண்ட்டாரு" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார்.

அவள் அப்பா வெட்கத்தோடு வந்து மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். "இன்னொரு தபா போடு தாயி" என்றார். இரண்டாவது தடவை பதில் சொல்லவில்லை. அவள் குரல் வந்தபோது, பக்கத்தில் நின்ற பெண்ணின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மூன்றாம் தடவையும் போடச் சொன்னார்.

புறப்படும்போது அந்த அம்மாளுக்கு ஓலையில் சுற்றி ஒரு பெரிய வஞ்சிரம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "அய்யரூட்டு அம்மாவுக்கு இன்னாத்தக் குடுக்கறது?" என்று தலையைச் சொறிந்தார். பெண் ஓடிப்போய் ஒரு கை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு வந்து என் முந்தானையில் கொட்டினாள். மடியில் மீனும் கிராமபோனுமாக அந்த அம்மாள் அடையாற்றுக்கு ரிக்ஷா ஏறினார். நான் பிளேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு நடந்தேன்.

வீட்டில் என் கணவர் விளக்கேற்றி வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். "தோ வரேம்மா" என்று அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து வந்ததை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு துண்டை மடித்துக்கொண்டே, ஒன்றும் இல்லாதது போல, "என் பக்கத்தைப் போட்டேளோ?" என்றார்.

"போட்டோம்."

"எப்படிக் கேட்டா?"

"பேசிண்டே கேட்டா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு, "ஆர்மோனியம் நன்னா விழுந்திருக்கோன்னோ?" என்று கேட்டார். நன்றாகவே விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, சாதம் போட உள்ளே போனேன்.